அடிப்படையியமும் வன்முனைப்பும் ஒன்றா?

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குத் தரப்பெற்றுள்ள தலைப்பே ஒரு வினா. சமய அடிப்படையியம் தன்னளவிலேயே தீங்கானதா, அன்றி அது வேறு, வன்முனைப்பு வேறா என்பதே அவ்வினா. முன்னதை அடிப்படைவாதம் என்றும் பின்னதைத் தீவிரவாதம் என்றும் நாளிதழ்கள் எழுதுகின்றன. எழுதுவதோடு நில்லாமல், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டு, இரண்டும் ஒரே பொருள் தரும் சொற்கள்போல் ஆக்கியும் விட்டன. நீண்ட தாடி வைத்தவனும் அடிப்படைவாதி. குண்டு வைத்தவனும் அடிப்படைவாதி. நாள்தோறும் மறைநூல் ஓதுகின்ற முதியவளும் அடிப்படைவாதி. மருத்துவரைச் சுட்டுக்கொன்றவனும் அடிப்படைவாதி. சொல் இவ்வாறு குழம்பினால் கருத்துக் குழம்பும். கருத்துக் குழம்பினால் குற்றமற்றவன் ஒறுக்கப்படுவான். குற்றவாளி கூட்டத்திற்குள் புகுந்து மறைந்துகொள்வான். ஆகவேதான் இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உயிர்களைப் பற்றியது என்கின்றேன்.

இதற்கு இருவகை விடைகள் சொல்லப்பெறுகின்றன. ஒரு சாரார், "எழுதப்பெற்ற நூலை எழுத்துக்கு எழுத்து நம்புகின்றவன் என்றைக்காவது ஒருநாள் கத்தியை எடுத்தே தீருவான், எனவே இரண்டும் ஒன்றே" என்கின்றனர். மறுசாரார், "உண்மையான பற்றாளன் எறும்பையும் மிதிக்கமாட்டான், கொலை செய்கின்றவனுக்குச் சமயமே இல்லை, எனவே இரண்டிற்கும் தொடர்பே இல்லை" என்கின்றனர். இவ்விரண்டு விடைகளும் நம்மை ஆராயவிடாமல் தடுப்பவை. முதல் விடை அண்டை வீட்டுக்காரனைப் பகைவனாக்குகின்றது. இரண்டாம் விடை வீட்டுக்குள் எரியும் தீயை மூடி மறைக்கின்றது.

இதனை வெறுங்கருத்தாகப் பேசிக்கொண்டிராமல், இச்சொல் எந்த மண்ணில் பிறந்ததோ அந்த மண்ணிலேயே வைத்துப் பார்ப்போம். பலரும் இச்சொல் மேற்காசிய நாடுகளிற் பிறந்ததென எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அன்று. இது பிறந்தது அமெரிக்காவில், அதுவும் கிறித்தவர்களிடையே, அதுவும் அவர்கள் தமக்குத் தாமே பெருமையுடன் சூட்டிக்கொண்ட பெயராக.

சொல் பிறந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில், செருமானியப் பல்கலைக்கழகங்களில் விவிலியத்தை மற்ற பழைய நூல்களைப் போலவே வரலாற்று முறையில் ஆராய்ந்தனர். எந்தப் பகுதி எப்பொழுது எழுதப்பெற்றது, எத்தனைபேர் எழுதினர் என்றெல்லாம் வினவினர். மற்றொருபுறம் தார்வினின் உயிர்த் திரிவாக்கக் கொள்கை பரவியது. அமெரிக்கச் சமயக் கல்லூரிகளிலும் இவை நுழைந்தன. இதனால் அஞ்சிய பழைமைப் பற்றாளர்க்குக் கலிபோர்னியாவின் எண்ணெய்ச் செல்வர் இலைமன் சிடூவர்ட்டு என்பார் துணைநின்றார். அவரும் அவர் உடன்பிறந்தாரும் தந்த பணத்தைக்கொண்டு, 1910 முதல் 1915 வரை, 'அடிப்படைகள்' என்னும் பெயரில் பன்னிரண்டு மடலங்கள் வெளிவந்தன. அவற்றில் 90 கட்டுரைகள் இருந்தன. ஏறத்தாழ 30 இலக்கம் படிகள் அச்சிட்டுச் சமயப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் விலையின்றி விடுத்தனர். அதே 1910-ஆம் ஆண்டில் பிரசுபிட்டேரியன் திருச்சவையின் பேரவை ஐந்து கோட்பாடுகளை இன்றியமையாதன என வரையறுத்தது. மறைநூலில் பிழையில்லை என்பது அவற்றுள் முதலாவது. 1920-ஆம் ஆண்டில் கர்ட்டிசு இலீ இலாசு என்னும் இதழாசிரியர், இவ்வடிப்படைகளுக்காகப் போராட அணியமாக இருப்போரை 'அடிப்படையர்' என்று அழைக்கலாம் என எழுதினார். சொல் பிறந்தது.

இங்கு ஒன்றைக் கருதுங்கள். அந்தப் பன்னிரண்டு மடலங்களிலும் பிறரைக் கொல் என்று எவரும் எழுதவில்லை. அவற்றுள் எழுதிய சேம்சு ஓர் என்னும் இசுக்காட்லாந்து அறிஞர் திரிவாக்கத்தை முற்றாக மறுத்தவரும் அல்லர். கடவுளே அவ்வழியில் உயிர்களைப் படைத்திருக்கலாம் என எண்ணியவர். எனவே பிறப்பின்போது அச்சொல்லின் கையில் வாள் இல்லை. பின் எவ்வாறு அச்சொல் கேட்டாலே நாம் வாளை நினைக்கின்றோம்?

இதற்கு விடை காண, ஒரே நாட்டில், ஒரே மறைநூலை எழுத்துக்கு எழுத்து நம்பிய மூன்று வகையினரை உங்கள் முன் நிறுத்துகின்றேன். முதல் வகையினர் அந்நூலால் தம்மைக் கட்டிக்கொண்டனர். இரண்டாம் வகையினர் அந்நூலால் பிறரைக் கட்ட முற்பட்டனர். மூன்றாம் வகையினர் அந்நூலின் பெயரால் பிறரைக் கொன்றனர்.

தம்மைக் கட்டிக்கொண்டவர்கள்

முதல் வகைக்கு ஆமிசு மக்களை எடுத்துக்கொள்கின்றேன். அவர்கள் அடிப்படையர் என்னும் பெயரைத் தாங்கியவர்கள் அல்லர். ஆயினும் நூலின் சொல்லை வாழ்க்கையின் ஒவ்வோர் அசைவிலும் கைக்கொள்வதில் அப்பெயர் தாங்கியோரையும் விஞ்சியவர்கள். 1525-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக்கு நகரில், "அறிந்து ஏற்றுக்கொள்ளும் அகவையில்தான் திருமுழுக்குப் பெறவேண்டும், குழந்தைக்குச் செய்யும் முழுக்குச் செல்லாது" எனக் கூறிப் பிரிந்தவர்களின் வழிவந்தோர் அவர்கள். அக்கொள்கைக்காகவே 1527-ஆம் ஆண்டில் பெலிக்சு மான்சு என்பாரைச் சூரிக்கு நகர மன்றம் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. அவ்வாறு கொன்ற மன்றத்தார் கத்தோலிக்கர் அல்லர். தாமே புதிதாகச் சீர்திருத்தம் பெற்றவர்கள் என்பதையும் மறவாதீர்கள். பின்னர் 1693-ஆம் ஆண்டளவில் யாக்கோபு அம்மான் என்பவரின் தலைமையில் பிரிந்தவர்களே ஆமிசு எனப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவிற் குடியேறினர்.

இன்று அவர்கள் 3 இலக்கத்திற்கும் மேற்பட்டவர்கள். பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதில்லை. உந்து வைத்துக்கொள்வதில்லை, குதிரை வண்டியில் செல்கின்றனர். ஆணையிட்டுச் சான்று கூறுவதில்லை. படையிற் சேர்வதில்லை. தீங்கு செய்தவனை எதிர்த்துக் கையோங்குவதில்லை. இவை அனைத்தையும் நூலின் சொல்லுக்கு உட்பட்டே செய்கின்றனர்.

2006-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் நிக்கல் மைன்சு என்னும் ஊரில், அவர்களின் ஓரறைப் பள்ளிக்குள் துப்பாக்கியுடன் புகுந்த ஒருவன் பத்துச் சிறுமியரைச் சுட்டான். ஐவர் இறந்தனர். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டு மடிந்தான். அன்று மாலையே ஆமிசு மக்கள் சிலர் கொலையாளியின் வீட்டுக்குச் சென்றனர். பழி தீர்க்கச் செல்லவில்லை. அவன் மனைவிக்கும் பெற்றோர்க்கும் ஆறுதல் கூறச் சென்றனர். அவன் உடலை அடக்கம் செய்தபோதும் பலர் சென்று நின்றனர். தங்கள் குழந்தைகளைப் புதைத்த ஈரம் காயாத கைகளோடு நின்றனர்! எழுத்துக்கு எழுத்து நம்புகின்றவன் கத்தியை எடுத்தே தீருவான் என்போர்க்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதிய மறுப்பாகும்.

ஆனால் இத்துடன் நிறுத்திவிட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன்.

இதே மக்கள் தம் பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்குமேல் பள்ளிக்கு விடுவதில்லை. விசுகான்சின் மாநிலச் சட்டம் பதினாறு அகவை வரையில் பள்ளிக் கல்வியைக் கட்டாயமாக்கியிருந்தது. பிள்ளைகளை அனுப்ப மறுத்த பெற்றோர் மூவர்க்கு ஆளுக்கு 5 தாலர் தண்டம் விதிக்கப்பெற்றது. வழக்கு அமெரிக்க உச்ச முறைமன்றம் வரையிற் சென்றது. 1972-ஆம் ஆண்டு மே மாதத்தில் மன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. அம்மக்கள் எவர்க்கும் தீங்கு செய்யாது உழைத்து வாழ்பவர்கள். அவர்களின் வாழ்வைச் சட்டம் சிதைக்கக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அப்போது தக்ளசு என்னும் நடுவர் மட்டும் ஒருபகுதி மாறுபட்டார். பெற்றோரின் உரிமையைப் பேசினோம். பிள்ளையின் விருப்பத்தை யார் கேட்டது என்பதே அவர் வினா. மூன்று பிள்ளைகளுள் ஒரு பெண் மட்டுமே தன் விருப்பத்தை மன்றத்தில் கூறியிருந்தாள். மற்ற இருவரையும் கேட்கவேண்டும் என்றார் அவர்.

அன்பர்களே, இவ்வினாவை நாம் எளிதிற் கடந்து செல்லலாகாது. தன்னைக் கட்டிக்கொள்பவன் தன்னை மட்டுமா கட்டிக்கொள்கின்றான்? தன் கையில் வளரும் குழந்தையையும் சேர்த்தே கட்டுகின்றான். ஆமிசு மக்களிடம் ஒரு வாயில் உண்டு. முழுக்குப் பெறுமுன் விலகிச் செல்லும் இளைஞனை அவர்கள் ஒதுக்கிவைப்பதில்லை. ஆனால் அவ்வாயில் வழியே வெளியேறுகின்றவன் எட்டாம் வகுப்புக் கல்வியோடுதான் வெளியேறவேண்டும். முழுக்குப் பெற்றபின் விலகினாலோ, பெற்ற தாயின் பந்தியிலும் உடனிருந்து உண்ண முடியாமற் போகும்.

இதைவிடக் கொடியதும் உண்டு. நோய் வந்தால் மருத்துவரிடம் செல்லலாகாது, இறைவேண்டலே மருந்து என நம்பும் சிறு சமயக் குழுக்கள் அமெரிக்காவிற் சில உள்ளன. ஒரேகான் மாநிலத்தில் அத்தகைய குழுவொன்றைச் சேர்ந்த குழந்தைகள், எளிய மருத்துவத்தால் பிழைத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டனர். அவர்தம் பெற்றோர் பிறர்மீது ஒரு கல்லையும் எறிந்தவர்கள் அல்லர். குழந்தைகளை நேசிக்காதவர்களும் அல்லர். ஆயினும் குழந்தை இறந்தது. 2011-ஆம் ஆண்டில் அம்மாநிலம், சமய நம்பிக்கையைக் காட்டித் தண்டனைக்குத் தப்ப இடந்தந்த சட்டப் பிரிவுகளை நீக்கிவிட்டது. எனவே துப்பாக்கி இல்லை என்பதனாலேயே தீங்கு இல்லை என்று ஆகிவிடாது. தன் உயிரை நம்பிக்கைக்குக் கொடுக்க முதியவன் ஒருவனுக்கு உரிமை உண்டு. பேசவறியாப் பிள்ளையின் உயிரைக் கொடுக்க எவனுக்கும் உரிமையில்லை.

பிறரைக் கட்ட முற்பட்டவர்கள்

இனி இரண்டாம் நிலை. 1925-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தென்னசி மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. கொண்டுவந்தவர் சான் வாசிங்டன் பட்லர் என்னும் உழவர். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில், விவிலியம் கூறும் படைப்பை மறுத்து, மாந்தன் கீழுயிர்களிலிருந்து தோன்றினான் எனக் கற்பிப்பது குற்றம் என்றது அச்சட்டம். மீறிய ஆசிரியர்க்கு 100 முதல் 500 தாலர் வரை தண்டம்.

தேய்ட்டன் என்னும் சிற்றூரில் சான் சுகோப்சு என்னும் இருபத்துநான்கு அகவை இளம் ஆசிரியர், சட்டத்தை ஆய்வுக்குட்படுத்துவதற்கென்றே தம்மீது வழக்குத் தொடர இசைந்தார். அரசுத் தரப்பில் வில்லியம் செனிங்சு பிரையன் வந்தார். மும்முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர்; வெளியுறவு அமைச்சராயிருந்து, நாடு போரை நோக்கிச் செல்வது கண்டு 1915-இல் பதவி துறந்தவர். எதிர்த்தரப்பில் பெயர்பெற்ற வழக்குரைஞர் கிளாரன்சு தாரோ. சூலை 20-ஆம் நாள், முறைமன்றத்திற்கு வெளியே புல்வெளியில், தாரோ பிரையனையே சான்றுக்கூண்டில் நிறுத்தி விவிலியத்தைப் பற்றி வினவினார். படைப்பின் ஆறு நாளும் இருபத்துநான்கு மணிநேர நாள்களாக இருக்கவேண்டியதில்லை எனப் பிரையனே ஒப்பினார். எழுத்துக்கு எழுத்து என்பவரும் எங்கோ ஓரிடத்தில் பொருள் விரித்தே தீரவேண்டியிருக்கின்றது! மறுநாள் சான்றாயர் குழு ஒன்பதே மணித்துளிகளில் சுகோப்சு குற்றவாளி என்றது. 100 தாலர் தண்டம். அத்தண்டத்தை விதித்த முறை பிழையென 1927-இல் மாநில உச்ச மன்றம் தீர்ப்பை நீக்கியது; ஆனால் சட்டத்தை விட்டுவைத்தது. அது 1967 வரையில், நாற்பத்திரண்டு ஆண்டுகள் அங்கு உயிரோடிருந்தது. மிசிசிப்பியும் ஆர்க்கன்சாவும் அதுபோன்ற சட்டங்களை இயற்றின. பாடநூல் வெளியிடுவோர் வணிகத்திற்கு அஞ்சித் திரிவாக்கத்தைப் பற்றிய பக்கங்களைச் சுருக்கினர். 1968-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க உச்ச முறைமன்றம் இத்தகைய சட்டம் செல்லாதெனத் தீர்த்தது.

இங்கு எவரும் சுடப்படவில்லை. எவர் வீடும் கொளுத்தப்படவில்லை. எல்லாம் வாக்கெடுப்பின்படியும் சட்டத்தின்படியுமே நடந்தன. வரி கொடுக்கின்ற பெரும்பான்மை மக்களே பள்ளியில் எதைக் கற்பிப்பதென முடிவு செய்யவேண்டும் என்றார் பிரையன். கேட்பதற்கு அது மக்களாட்சிக் குரல் போலவே ஒலிக்கும். ஆனால் ஓர் உண்மை உண்மையா என்பதைத் தலைகளை எண்ணி முடிவு செய்ய முடியுமா? ஒரு சமயத்தாரின் நூலை அச்சமயத்தைச் சாராத பிள்ளையின் பாடமாக்கப் பெரும்பான்மைக்கு உரிமை உண்டா? இந்நிலையே என் கருத்தில் மிகவும் விழிப்புடன் நோக்கத்தக்கது. ஏனெனில், குண்டு வெடித்தால் ஊர் விழித்துக்கொள்கின்றது. சட்டம் வந்தால் ஊர் உறங்கிக்கொண்டே அதற்குப் பணிகின்றது. ஒரு தலைமுறை முழுவதும் ஒன்றை அறியாமலே வளர்ந்துவிடுகின்றது.

ஆயினும் நடுநிலை பிறழாது ஒன்றையும் சொல்லவேண்டும். சுகோப்சு வழக்கில் எழுந்த பாடநூலில், மாந்த இனங்களுள் வெள்ளையரே உயர்ந்தோர் என்றும், குறையுடையோரைப் பெருகவிடலாகாது என்றும் எழுதப்பட்டிருந்தது. வலியவன் எளியவனை அழிப்பதற்குத் தார்வினின் பெயர் கருவியாகின்றது எனப் பிரையன் அஞ்சியதற்கு அடிப்படை இல்லாமலில்லை. 1927-ஆம் ஆண்டு மே மாதத்தில், அறிவுக்குறைவு உடையவள் எனக் கூறப்பட்ட கேரி பக்கு என்னும் ஏழைப் பெண்ணைக் கட்டாயமாக மலடாக்கலாம் என்று அமெரிக்க உச்ச முறைமன்றம் எட்டுக்கு ஒன்று எனத் தீர்ப்பளித்தது. அறிவியலின் பெயரால் அத்தீர்ப்பு வந்தது. அந்த எண்மரோடு இணங்காமல் நின்ற ஒருவர் பியர்சு பட்லர் என்னும் கத்தோலிக்கர். அமெரிக்காவில் இத்தகைய சட்டங்களால் 60,000-க்கும் மேற்பட்டோர் மலடாக்கப்பட்டனர். எனவே சமய நூலைக் கையிலெடுத்தவன் மட்டுமே பிறனைக் கட்ட முற்படுவான் என எண்ணிவிடாதீர்கள். ஐயத்திற்கு இடமே இல்லையென்னும் துணிவு, சட்டத்தின் வலிமையோடு சேர்ந்து, எளியவனின் உடல்மீதும் அறிவின்மீதும் ஏறி அமரும்போது, அதன் கையிலிருப்பது எந்த நூலாயினும் தீங்கே.

அப்படியாயின் சமயப் பற்றாளர் அரசியலுக்கே வரக்கூடாதா? இதற்கும் அமெரிக்க மண்ணே விடை தருகின்றது. மார்ட்டின் உலூதர் கிங்கு ஒரு சமயப் பணியாளர். மறைநூலைச் சொல்லியே கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடினார். 1965-ஆம் ஆண்டில் செர்ரி பால்வெல் என்னும் அடிப்படையர், சமயப் பணியாளர்க்குத் தெருப் போராட்டம் எதற்கு எனக் கண்டித்துப் பேசினார். அதே பால்வெல் 1979-ஆம் ஆண்டில் 'ஒழுக்கப் பெரும்பான்மை' என்னும் அமைப்பைத் தோற்றுவித்து முழு அரசியலில் இறங்கினார். எனவே அரசியலுக்கு வந்தாரா என்பது அளவுகோல் அன்று. வந்து எதைக் கேட்டார் என்பதே அளவுகோல். எல்லார்க்கும் ஒரே சட்டம் வேண்டுமெனக் கேட்டவர் கிங்கு. தம் நூல் எல்லார்க்கும் சட்டமாகவேண்டுமெனக் கேட்டது தென்னசி. தென் கரோலினாவிலுள்ள பாபு சோன்சு பல்கலைக்கழகம், மறைநூலின் பெயரைச் சொல்லியே, வெவ்வேறு இனத்து மாணவர் காதலிப்பதை 2000-ஆம் ஆண்டு வரையில் தடைசெய்திருந்தது. அத்தகைய நிறுவனத்திற்கு வரிவிலக்கு இல்லையென 1983-இல் உச்ச முறைமன்றம் தீர்த்தது. உன் நம்பிக்கை உன்னுடையது. ஆனால் இன வேற்றுமைக்குப் பொதுப்பணம் துணைநில்லாது என்பதே அத்தீர்ப்பின் பொருள்.

பிறரைக் கொன்றவர்கள்

மூன்றாம் நிலை புளோரிடா மாநிலத்துப் பென்சகோலா நகரில் வெளிப்பட்டது. கருக்கலைப்புச் செய்யும் மருத்துவ மனைமுன் 1993-ஆம் ஆண்டு மார்ச்சில் மருத்துவர் தேவிடு கன் சுட்டுக்கொல்லப்பட்டார். 1994-ஆம் ஆண்டு சூலை 29-ஆம் நாள், அதே நகரில், பவுல் கில் என்பவன் மருத்துவர் சான் பிரிட்டனையும் அவருக்குத் துணையாக வந்த சேம்சு பாரெட்டு என்பவரையும் சுட்டுக்கொன்றான். பவுல் கில் முன்னர்ச் சமயப் பணியாளனாயிருந்தவன். பிறவா உயிரைக் காக்கப் பிறந்த உயிரைக் கொல்லலாம் என்பது அவன் துணிபு. 2003-ஆம் ஆண்டில் அவனுக்குக் கொலைத்தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இங்குக் கூர்ந்து நோக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, கருக்கலைப்பைக் கரிசு எனக் கருதிய அமெரிக்கர் பலகோடியர். அவருள் மிகப் பலர் மறைநூலை எழுத்துக்கு எழுத்து நம்பியோர். துப்பாக்கி எடுத்தோரோ விரல்விட்டு எண்ணத்தக்கோர். பவுல் கில் சார்ந்திருந்த பழைமைப்பிடிப்புள்ள பிரசுபிட்டேரியன் திருச்சவையே, அவன் கொலையை ஆதரித்துப் பேசத் தொடங்கியவுடன், 1993-இலேயே, அதாவது அவன் சுடுவதற்கு முந்திய ஆண்டிலேயே, அவனை விலக்கியிருந்தது. அடிப்படைப் பற்றே அங்குக் கொலைக்கு எதிராக வேலி கட்டியது. ஆயினும் அவன் எழுதிய அறிக்கைக்குச் சமயப் பணியாளர் சிலர் கையொப்பமிட்டதும் உண்மை. எனவே தொடர்பே இல்லையென்பதும் பொய்.

மற்றொன்று, அரசு செய்த செயல். 1994-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. மருத்துவ மனைக்குச் செல்வோரை வன்முறையாலோ அச்சுறுத்தலாலோ வழிமறிப்பாலோ தடுப்பது குற்றம் என்றது அது. கருக்கலைப்பைக் கரிசு என நம்புவதைக் குற்றமாக்கவில்லை. அவ்வாறு பேசுவதைத் தடுக்கவில்லை. அமைதியாகத் தெருவோரத்தில் நின்று பதாகை பிடிப்பதையும் தடுக்கவில்லை. அதே சட்டம் வழிபாட்டு இடங்களுக்குச் செல்வோரைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. மருத்துவ மனையின் வாயிலையும் கோயிலின் வாயிலையும் ஒரே சட்டம் காத்தது. நம்பிக்கையைத் தொடாமல் செயலைத் தொடும் சட்டம் எப்படியிருக்கும் என்பதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

விதையைப் பற்றிய வினா

இவ்வளவும் கேட்டபின் உங்களுள் ஓர் இளைஞர் எழுந்து என்னைக் கேட்கலாம்: "ஐயா, மூவரும் ஒரே மரத்தின் கிளைகள்தாமே? நூலில் பிழையேயில்லை என்னும் விதைதானே மூன்றாகவும் வளர்ந்தது? விதையையே ஏன் அழிக்கக்கூடாது?"

நல்ல வினா. விதை ஒன்றே என்பதை ஒப்புகின்றேன். ஆனால் பிழையற்றது என நம்பும் நூலிலும் எல்லா வரிகளையும் ஒருவன் சமமாக ஏந்துவதில்லை. அறைந்தவனுக்கு மறுகன்னம் காட்டும் வரியை ஆமிசு உழவன் எழுத்துக்கு எழுத்து ஏந்தினான். படைப்பு வரலாற்றை மட்டும் சட்டமாக்கினார் தென்னசிச் சட்டமன்றத்தார். கொலைக்குக் கொலை என்னும் வரியைப் பற்றிக்கொண்டான் பவுல் கில். எழுத்துக்கு எழுத்து நம்புகின்றேன் என்பவன் உண்மையில் தானே எழுத்தைத் தேர்கின்றான். தேர்ந்ததை மறைத்து, கடவுள் சொன்னார் என்கின்றான். எனவே நாம் கேட்கவேண்டியது எவ்வளவு நம்புகின்றான் என்பதன்று; எதைத் தேர்ந்தான், அதை யார்மீது சுமத்துகின்றான் என்பதே. அத்தேர்வுக்கு அவனே பொறுப்பு. நூலின் பின்னால் அவன் ஒளிந்துகொள்ள நாம் விடலாகாது.

மேலும் விதையை அழிப்பது எப்படி? மாந்தனின் நெஞ்சைப் பிளந்தா? நம்பிக்கையைச் சட்டத்தால் அழிக்க முற்பட்ட அரசு, மான்சை ஆற்றில் அமிழ்த்திய சூரிக்கு மன்றமாகவே ஆகிவிடும். அவ்வாறு அமிழ்த்தியும் அந்நம்பிக்கை அழியவில்லை. ஐந்நூறாண்டு கடந்தும் அவர்தம் வழியினர் உழுதுகொண்டிருக்கின்றனர். விதையை அழிக்க வினாவால் மட்டுமே இயலும். கல்வியால் மட்டுமே இயலும். அதனாற்றான் தம் வேலியைப் பெரிதும் அஞ்சிக் காப்போர் பள்ளியின் வாயிலிலேயே முதலில் காவல் வைக்கின்றனர்.

மூன்று வினாக்கள்

ஆகவே எச்சமயத்தின் எப்பற்றாளரைக் காணினும் நாம் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று.

முதலாவது, அவர்தம் வீட்டுக்கு வெளியேறும் வாயில் உண்டா? மனைவியோ மகளோ மகனோ, "இந்நம்பிக்கை எனக்கு வேண்டா" எனக் கூறி, உயிருக்கும் உணவுக்கும் கல்விக்கும் அஞ்சாமல் வெளியேற முடியுமா?

இரண்டாவது, அவர்தம் நூல் நம்பாதவன்மீதும் சட்டமாகவேண்டும் என்கின்றனரா? பிறன் பிள்ளை படிக்கும் பாடத்தையும் பிறன் உண்ணும் உணவையும் பிறன் மணக்கும் மணத்தையும் தம் நூலால் அளக்க முற்படுகின்றனரா?

மூன்றாவது, தமக்கு மாறானவனை இன்னும் மாந்தனாகவே காண்கின்றனரா? அவனைப் பூச்சி என்றும் நோய் என்றும் பேசத் தொடங்கிவிட்டனரா? பேச்சில் மாந்தத்தன்மை நீங்கிய இடத்தில், கைக்குக் கருவி வர நெடுநாள் ஆகாது.

இம்மூன்று வினாக்களிலும் தேறியவன் எவ்வளவு கடுமையாக நோன்பு நோற்றாலும், எவ்வளவு நீண்ட உடை உடுத்தாலும், அவனை அச்சத்துடன் நோக்க நமக்கு உரிமையில்லை. அவனோடு கருத்துப்போர் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அவன் கதவைத் தட்டக் காவலரை விடலாகாது. மாறாக, இவற்றுள் ஒன்றிலேனும் தவறியவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், எத்தனைபேர் வாக்களித்து அவனை அமர்த்தியிருந்தாலும், அவனை நாம் விழிப்போடு நோக்கவேண்டும்.

எனவே தலைப்பின் வினாவிற்கு என் விடை இது. அடிப்படையியமும் வன்முனைப்பும் ஒன்றல்ல. ஆனால் அவற்றினிடையே மதிலும் இல்லை. ஒரு வழி இருக்கின்றது. அவ்வழியில் எல்லாரும் நடப்பதில்லை. மிகச் சிலரே இறுதிவரை நடக்கின்றனர். அவ்வழியின் நடுவில் நிற்பது சட்டமும் அதிகாரமும். அங்குக் காவல் நிற்பதே அறிவுடையோர் கடமை. கொலைஞனை மட்டும் பார்த்துக்கொண்டு நடுவழியை மறந்தால் பிள்ளைகளின் கல்வியை இழப்போம். எல்லாரையும் கொலைஞராகப் பார்த்தால் தீங்கற்ற பற்றாளனை நாமே அவ்வழியில் தள்ளிவிட்டவர்களாவோம்.

இளைஞர்களே! நாளை நாளிதழில் அச்சொல்லைப் படிக்கும்போது உடனே ஒரு முகத்தையும் ஓர் உடையையும் நினைத்துவிடாதீர்கள். இம்மூன்று வினாக்களையும் எழுப்புங்கள். உங்கள் சொந்தச் சமயத்தார்மீது முதலில் எழுப்புங்கள். அங்குதான் உங்கள் குரலுக்கு மதிப்பு உண்டு, அங்குதான் அதற்குத் துணிவும் வேண்டும். பவுல் கில்லைச் சுடுவதற்கு முன்னரே விலக்கிவைத்தவர்கள் அவனுடைய நூலையே ஓதியவர்கள் என்பதை மறவாதீர்கள்.